தாயை விட்டுச் சென்ற மகன்
ரமண மகரிஷியின் வாழ்வில் மோதிய இரண்டு தர்மங்கள்



நமது ஆலயத்தின் ஞாயிறு சமய வகுப்பில் மகான்களின் சரித்திரங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். ஒரு நாள் ரமண மகரிஷி வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது. அம்மாவிடம் சொல்லாமல் ஓடிப்போவது பிழை இல்லையா என்று கேட்டது.

பின்னால் அமர்ந்திருந்த பெற்றோர் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகான்கள் செய்தால் பிழையாகாது என்று சொல்லி அடுத்த கதைக்குப் போயிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு வளரும் பிள்ளை, தர்மம் பெரியவர்களுக்கு ஒன்று, நமக்கு வேறொன்று என்றுதான் புரிந்துகொள்ளும். அடுத்த கிழமை பதில் சொல்வதாகக் கூறிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகரிஷியின் சரித்திரத்தை இம்முறை தாயார் அழகம்மாள் பக்கம் நின்று படித்துப் பார்த்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

சாஸ்திரம் என்ன சொல்கிறது?

நமது நூல்கள் தர்மத்தைப் பல படிகளாக வகுத்திருக்கின்றன. உண்மை, கொல்லாமை, களவு செய்யாமை போன்றவை எல்லா மனிதர்க்கும் பொதுவான சாமானிய தர்மம். மகன், மனைவி, அரசன், மாணவன், துறவி என்று அவரவர் நிலையால் வருவது விசேஷ தர்மம். இவை ஒத்துப்போகும் நாட்களில் நமக்குச் சிக்கல் இல்லை. ஒன்றோடொன்று மோதும் நாளில்தான் மனிதன் தவிக்கிறான். குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனன் வில்லைக் கீழே வைத்ததும் அப்படியொரு நாளில்தான்.

வீட்டை விட்டுத் துறவு பூணும் விஷயத்தில் இந்த மோதல் மிகக் கூர்மையானது. மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்பது வேத மரபு. அந்த மூன்று கடன்களையும் தீர்த்த பிறகே மோட்சத்தில் மனம் வைக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. ஜாபால உபநிடதமோ வைராக்கியம் எந்த நாளில் வந்ததோ அந்த நாளிலேயே புறப்படலாம் என்று கூறுகிறது. இரண்டும் நம் நூல்களே.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் கௌசிகன் என்ற தவசியின் கதை வருகிறது. கொக்கைப் பார்வையால் எரித்தவன் என்றால் எல்லோருக்கும் நினைவு வரும். அவனுக்குத் தர்மம் சொல்லித் தந்தவர் மிதிலையில் இறைச்சி விற்ற வியாதர். அவர் தம் முதிய தாய் தந்தையரைத் தெய்வமாகப் பேணி வந்தவர். அனுமதி பெறாமல் பெற்றோரை விட்டு வந்ததால் அவர்கள் துயரத்தில் கண்பார்வை இழந்துவிட்டார்கள், திரும்பிப் போய்ப் பணிவிடை செய் என்று கௌசிகனை அனுப்பிவைத்தார் அவர். தவம் செய்ய வந்தவனை வீட்டுக்கே திருப்பி அனுப்பிய கதை இது.

ஆதிசங்கரர் வரலாறு வேறு விதம். தாயின் சம்மதம் கிடைத்த பின்பே சங்கரர் காலடியை விட்டுப் புறப்பட்டார் என்றும், அந்திம காலத்தில் வந்து சேருவேன் என்று கொடுத்த வாக்கின்படி திரும்பி வந்தார் என்றும், துறவிக்கு உரியதல்லாத ஈமக்கடனை உறவினர் எதிர்ப்பையும் மீறித் தாமே செய்தார் என்றும் சங்கர விஜய நூல்கள் கூறுகின்றன. நமது பட்டினத்தாரைப் பற்றியும் இதே போன்ற வரலாறு வழங்கி வருகிறது. எல்லாவற்றையும் துறந்தவர்கள் தாயை மட்டும் முழுதாகத் துறக்கவில்லை என்பதை இந்தக் கதைகள் காட்டுகின்றன. சந்நியாசம் பெற்ற மகனைத் தந்தையும் வணங்க வேண்டும், ஆனால் அந்த மகன் தாயை வணங்க வேண்டும் என்பதும் நம் மரபு.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு மகரிஷியின் வரலாற்றுக்கு வருவோம்.

ஐந்து ரூபாயில் மூன்று ரூபாய்

வேங்கடராமன் என்ற பெயருடன் மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30, திருச்சுழியில். தந்தை சுந்தரம் ஐயர் அவ்வூரில் வக்கீல் தொழில் செய்தவர். தாய் அழகம்மாள். மூத்தவர் நாகசுவாமி, அடுத்தவர் வேங்கடராமன், இளையவர் நாகசுந்தரம், கடைசியில் ஒரே பெண் அலமேலு.

1892ல் சுந்தரம் ஐயர் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டிலும், அழகம்மாள் சிறு பிள்ளைகளுடன் மானாமதுரையில் இன்னொரு மைத்துனரான நெல்லையப்பையர் வீட்டிலும் தங்கினார்கள். கணவனை இழந்து பிறர் வீட்டில் வாழும் பெண்ணுக்கு எதிர்காலம் என்றால் அது படிக்கும் பையன்கள்தாம். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1896 ஜூலையில், மதுரை வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பற்றியது. அவர் ஓடவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, இறப்பது எது, இறவாமல் எஞ்சுவது எது என்று உள்ளே நோக்கினார். எழுந்தபோது பழைய பையன் இல்லை. படிப்பில் நாட்டம் போயிற்று. மீனாட்சி அம்மன் சந்நிதியில் கண்ணீர் வழிய நிற்பார்.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பாடத்தில் கவனமில்லாததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவர், நடுவில் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டார். அது நியாயம்தானே என்று தம்பிக்குப் பட்டது. பள்ளியில் விசேஷ வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். அப்படியானால் போகும் வழியில் என் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன்.

வேங்கடராமன் அதில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டார். இரண்டு ரூபாயைத் திருப்பி வைத்தார். ஒரு சிறு கடிதமும் எழுதி வைத்தார். தம் தந்தையின் ஆணைப்படி அவரைத் தேடிப் போவதாகவும், தம்மைத் தேடிப் பணம் செலவு செய்ய வேண்டாம் என்றும், கல்லூரிச் சம்பளம் கட்டப்படவில்லை என்றும், மீதி இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்றும் அதில் கண்டிருந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. எந்த ஊருக்கு என்று எழுதவில்லை.

இங்கே சற்று நிற்போம். விசேஷ வகுப்பு என்று சொன்னது பொய். சாமானிய தர்மத்தின்படி பொய் பிழையே. அதை மறைக்க வேண்டியதில்லை, பிற்காலத்தில் இதைச் சொன்ன மகரிஷியும் மறைக்கவில்லை. அதே சமயம், உலகத்தையே விட்டுப் போகிறவர் இரண்டு ரூபாய்க்குக் கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறார். கட்டப்படாத சம்பளத்தைப் பற்றி எச்சரித்துவிட்டுப் போகிறார். துறவு என்பது பொறுப்பின்மை அல்ல என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி. ஆனாலும் அந்தக் கடிதத்தில் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினார். ரயிலில் வந்த ஒரு பெரியவர் விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்று சொல்லித்தான் சரியான வழி தெரிந்தது. காசு தீர்ந்த பிறகு நடந்தார். கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். 1896 செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலையில் திருவண்ணாமலையை அடைந்து, நேரே அருணாசலேசுவரர் கர்ப்பக்கிருகத்துக்குள் சென்றார். பிறகு தலையை மழித்து, பூணூலையும் மீதிப் பணத்தையும் எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு 54 ஆண்டுகள் அந்த மலையின் எல்லையை விட்டு அவர் எங்கும் போகவில்லை.

தாய் வந்தாள்

மகன் எங்கே இருக்கிறான் என்பது வீட்டாருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தெரியாது. 1898ல் செய்தி கிடைத்ததும் நெல்லையப்பையர் போய்க் கூப்பிட்டுப் பார்த்து வெறுங்கையுடன் திரும்பினார். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூத்த மகன் நாகசுவாமியை அழைத்துக்கொண்டு அழகம்மாளே புறப்பட்டார்.

பவழக்குன்றில் பாறைமேல் சடை விழுந்த தலையும் வளர்ந்த நகங்களும் அழுக்கேறிய உடம்புமாக ஒருவர் படுத்திருந்தார். தாய் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். தின்பண்டங்கள் செய்துகொண்டு நாள்தோறும் குன்றேறி வந்தாள். கெஞ்சினாள், கோபித்தாள், அழுதாள். மகன் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களிடம் தாய் முறையிட, ஒருவர் இரக்கப்பட்டு, பேசாவிட்டால் எழுதியாவது காட்டுங்கள் என்று தாளும் பென்சிலும் நீட்டினார். வினைப்படி நடக்க வேண்டியது நடந்தே தீரும், ஆகையால் பேசாதிருப்பதே மேல் என்ற கருத்தில் சில வரிகள் எழுதித் தந்தார்.

இந்த வரிகளை உபதேசம் என்று நாம் போற்றுகிறோம். போற்றத்தக்கதுதான். ஆனால் அதைக் கையில் வாங்கியவள் மானாமதுரைக்கு எப்படித் திரும்பியிருப்பாள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1900ல் மூத்த மகன் நாகசுவாமியும் காலமானார். திருச்சுழி வீடு கடனில் போயிற்று. பின்னாளில் இளைய மருமகளும் கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனாள். மகன் மலையில் இருந்தபோது வீட்டில் நடந்தவை இவை. ஞானத்தின் விலையில் ஒரு பகுதியைத் தாயும் கொடுத்திருக்கிறாள்.

1914ல் அழகம்மாள் மகனைப் பார்க்க வந்த இடத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தார். அப்போது விரூபாட்ச குகையில் இருந்த மகரிஷி அருகிலேயே இருந்து பணிவிடை செய்தார். அது மட்டுமல்ல, தாயின் நோயைத் தீர்க்கும்படி அருணாசலனை வேண்டி நான்கு தமிழ்ப் பாடல்கள் இயற்றினார். நடப்பது நடக்கும் என்று 1898ல் எழுதியவர், 1914ல் தாய்க்காக வேண்டிக்கொண்டார். இதை முரண்பாடு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று தாய் கேட்டது, மகன் தன் உண்மையை விட்டுவிட்டு வர வேண்டும் என்று. இன்று நோயில் கிடந்தவள் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது பணிவிடை, அது மகனால் தரக்கூடியது.

ஆறு ஆண்டுகள்

1916ல் அழகம்மாள் நிரந்தரமாகவே திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். துறவிகள் இருக்கும் இடத்தில் பெண் தங்கலாமா என்று அன்பர்கள் சிலர் தயங்கினார்கள். தாய்க்கு இடமில்லை என்றால் நாமும் வேறு இடம் பார்ப்போம் என்று மகரிஷி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார் என்று அன்பர்களின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. பேச்சு அத்தோடு முடிந்தது. ஜாகை கந்தாசிரமத்துக்கு மாறியது. பின்னர் இளைய மகன் நாகசுந்தரமும் வந்து சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் நிரஞ்சனானந்த சுவாமி என்ற பெயரில் ஆசிரம நிர்வாகத்தை ஏற்றவர்.

அதுவரை பிட்சை உணவில் நடந்த இடத்தில் அழகம்மாள் அடுப்பு மூட்டினார். வந்தவர்க்கெல்லாம் சமைத்துப் போட்டார். மகன் அவருக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. எல்லாப் பெண்களும் எனக்குத் தாய்மாரே, நீ மட்டுமல்ல என்று சொல்லி, என் மகன் என்ற பிடியை மெல்ல மெல்ல நெகிழ்த்தினார். வெங்காயம் ஆகாது, தீட்டுப் பட்டுவிடும் என்ற ஆசாரங்களைக் கேலி செய்து கரைத்தார். வலித்திருக்கும். ஆனாலும் அவர் போகவில்லை. காவி உடுத்தினார். மகனை மீட்க வந்தவர், மகனின் மாணவி ஆனார்.

1922 மே 19. அழகம்மாளின் கடைசி நாள். காலையிலிருந்து மகரிஷி தாயின் அருகே அமர்ந்து, வலக்கையை நெஞ்சின் மேலும் இடக்கையைத் தலையின் மேலும் வைத்தபடி இருந்தார். சுற்றிலும் வேதமும் நாமமும் ஒலித்தன. இரவு சுமார் எட்டு மணிக்கு உயிர் அடங்கியது. அதுவரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, தீட்டு இல்லை, எல்லோரும் சாப்பிடலாம் என்றார்.

உடலைத் தகனம் செய்வதா, சமாதி வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. முத்தி அடைந்தவர்களின் உடலைச் சமாதி வைப்பது மரபு. பெண்ணுக்கும் அது பொருந்துமா? 1917லேயே, காவியகண்ட கணபதி முனிவர் தொகுத்த ரமண கீதையில், ஞானத்தில் ஆண் பெண் பேதம் இல்லை, ஞானியான பெண்ணின் உடலையும் எரிக்க வேண்டியதில்லை என்று மகரிஷி விடை அளித்திருந்தார். அதன்படி மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே சமாதி வைக்கப்பட்டது. கந்தாசிரமத்திலிருந்து அவர் அடிக்கடி இறங்கி வந்து போவார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்தவர் மேலே திரும்பவில்லை. தாயின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததே இன்றைய ரமணாசிரமம்.

அந்தச் சமாதியின் மேல் எழுந்த கற்கோயிலுக்கு 1949 மார்ச் 17ல் கும்பாபிஷேகம் நடந்தது. அங்குள்ள இறைவன் பெயர் மாத்ருபூதேசுவரர். தாயாக ஆன ஈசன் என்று பொருள். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கும் வடமொழியில் இதுவே பெயர். மறு ஆண்டு, 1950 ஏப்ரல் 14ல், மகரிஷி சமாதி அடைந்தார். அவருடைய சமாதியும் தாயின் கோயிலை ஒட்டியே அமைந்தது. சொல்லாமல் பிரிந்த மகனும் தேடி வந்த தாயும் இன்று ஒரே மதிலுக்குள் இருக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மகரிஷி முறைப்படி சந்நியாசம் வாங்கியவர் அல்லர். 1930களில் ஒரு வழக்கில் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்கப்பட்டபோது, நான்கு ஆசிரமங்களையும் கடந்த அதியாசிரமி என்று விடை சொன்னார். அதனால்தான் துறவிக்குரிய விதியைக் காட்டித் தாயை விலக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடும்பத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டு வந்தவர்களை அவர் பொதுவாக அனுமதிக்கவில்லை. இல்லறத்தான் என்ற எண்ணத்தின் இடத்தில் துறவி என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும், மனம் எங்கே போனாலும் கூடவே வரும், ஆகவே இருக்கும் இடத்தில் இருந்தே கடமையைச் செய்யுங்கள் என்பதே அவர் வழி. பதினாறு வயதில் தாம் செய்ததை அவர் யாருக்கும் விதியாக வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான். சொல்லாமல் போனதில் பிழை உண்டு. போனதில் பிழை உண்டா என்பதை ஒரு சொல்லில் சொல்ல முடியாது. இரண்டு தர்மங்கள் மோதும்போது ஒன்றைத்தான் கையில் எடுக்க முடிகிறது. ஆனால் கீழே வைத்தது அங்கேயே கிடக்கிறது. அது ஒரு நாள் நம் வாசலுக்கு வரும். வரும்போது கதவைத் திறக்கிறோமா என்பதில்தான் தர்மம் இருக்கிறது. மகரிஷி திறந்தார்.

பிள்ளை விரல்விட்டு எண்ணியது. 1896லிருந்து 1916 வரை இருபது ஆண்டுகள். அம்மா அவ்வளவு காலம் காத்திருந்தாவா என்று கேட்டது. ஆம், காத்திருந்தார் என்றேன்.

அன்பர்களே, படிப்புக்காக, தொழிலுக்காக, சிலர் உயிரைக் காக்கவே, தாய் தந்தையரை ஊரில் விட்டுக் கடல் கடந்து வந்தவர்கள் நம்மில் பலர். நாம் மகரிஷிகள் அல்லோம், அவர் போனதைக் காட்டி நாம் வந்ததை நியாயப்படுத்த முடியாது. வந்ததற்கு நமக்குச் சொந்தக் காரணங்கள் உண்டு, அவையும் தர்மமே. ஆனால் ஊரில் ஒருவர் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றால், நமது கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கட்டும். அவர் நம் வீட்டுக்கு வந்து தங்கும் நாள் வந்தால், நம் வசதியைச் சற்றே ஒதுக்கி அவருக்கு இடம் செய்வோம். அந்தப் பேறு கிடைக்காமல் தாயை இழந்தவர்கள், வேறொரு தாய்க்கு அதைச் செய்யலாம். நம் ஆலயத்தில் பேச்சுத்துணை இல்லாமல் தூணோரம் அமர்ந்திருக்கும் முதியவர்கள் பலர் உண்டு.

அருணாசலேசுவரர் திருவருள் எல்லோருக்கும் துணை நிற்பதாக. வணக்கம்.